கழுத்துக் குழாயும் வீட்டார் கவனமும்



நோயுற்றோரைச் சந்திக்க இல்லந்தோறும் செல்லும் நாம், அண்மை ஆண்டுகளில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கழுத்தோரத்திலோ, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரின் மேற்கையிலோ மெல்லிய குழாயொன்று வெளியே தெரிகிறது. வேறு சிலருக்கு மார்புத் தோலுக்கு அடியில் சிறு டப்பி போன்ற போர்ட் பதிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரம் வீட்டார் அதைக் கண்டு அஞ்சுகின்றனர்; இரண்டாம் மாதம் அது இருப்பதையே மறந்துவிடுகின்றனர். அச்சத்தைவிட அந்த மறதியே கேடு விளைவிக்கும் என்பது நம் கருத்து.

புறங்கையில் குத்தும் சாதாரண ஊசி, சிறு நாளமொன்றில் நிற்பது. இக்குழாயோ பெருநாளத்தின் வழியே சென்று, இதயத்தின் வலப்புற மேலறை வாயிலில் முனைகொள்வது. கடுமையான மருந்துகள் சிறு நாளத்தை அரித்துவிடும். பெருநாளத்திலோ பெருகி ஓடும் இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும். இவ்வழி பாதுகாப்பானதென்று காட்டியவர் ஜெர்மனி நாட்டு இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929ஆம் ஆண்டில், எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில், தம் கை நாளத்திலேயே குழாயைச் செலுத்தி, அதனோடு நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்! அன்று அவர் பெற்றது பாராட்டன்று, கண்டனமே. 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நன்மை செய்யும் இக்குழாய், இரத்தம் உறைவதற்கும் வாய்ப்பளிக்கிறது. நாளத்தின் உட்சுவர் புண்படுதல், இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தமே உறையும் இயல்பு மிகுதல் ஆகிய மூன்றும் உறைவுக்குக் காரணங்கள் என மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். குழாய் சுவரை உரசுகிறது. இடத்தை அடைத்து ஓட்டத்தைத் தடுக்கிறது. புற்றுநோயோ இரத்தத்தின் உறையும் இயல்பைக் கூட்டுகிறது. ஆகவே தடுப்பு முதலில் மருத்துவரிடமே தொடங்குகிறது. நாளத்தின் அகலத்தில் பாதிக்கும் குறைவான இடத்தையே கொள்ளும் குழாயைத் தேர்ந்தெடுப்பதும், அதன் முனை உரிய இடத்தில் நிற்கிறதா எனச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதன்று. அது இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தார்கள் என்று மருந்துக்கடையில் தாமாக வாங்குதல் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியவையும் உண்டு. குழாய் அடைபடாமலிருக்க, குறித்த நாளில் அதனுள் சலைன் செலுத்திக் கழுவுவார்கள். சிகிச்சை முடிந்து போர்ட் மட்டும் இருப்போர், உடல்நலம் தேறிவிட்டது என்று இந்நாளைத் தவறவிடுகின்றனர். தவறவிடலாகாது. உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் பலங்கொண்டு அழுத்தவும் கூடாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து மருத்துவமனையில் உண்டு. குழாயுள்ள கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருக்கும் தாய்மார் பலர். பளு தூக்க வேண்டாமேயன்றி, சாதாரண வேலைக்குக் கையைப் பயன்படுத்துவதே இரத்த ஓட்டத்துக்கு நல்லது. அந்தக் கையோ, கழுத்தோ, முகமோ வீங்கினாலும், தோளில் வலி கண்டாலும், மார்பில் புதிதாக நாளங்கள் புடைத்துத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்க. திடீரென மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

உறைவுக்கு அடுத்தது கிருமி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த முயற்சியொன்றின் பயன் 2006இல் வெளியாயிற்று. அவர்கள் புதுமையாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கை கழுவுதல், குழாய் பொருத்தும்போது நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடுதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல் ஆகிய ஐந்தையும் தவறாது கடைப்பிடித்தனர். பதினெட்டு மாதங்களில் இரத்தத்தில் கிருமி பரவுதல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை!

நம் குடும்பங்களில் இதற்கு இடையூறாவது பெரும்பாலும் அன்பே. நலம்பெற வேண்டிக்கொண்டு வேளாங்கண்ணி சென்று கடலில் மூழ்குவோர் உண்டு; மந்திரித்த எண்ணெயைக் குழாய்வாயில் தடவுவோரும் உண்டு. குழாய் வெளியே தெரியும்வரை கடலிலும் குளத்திலும் இறங்கவே கூடாது. கட்டு நனைந்தாலோ, ஓரம் பிரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். மஞ்சளோ எண்ணெயோ அங்கே படலாகாது. நோயில்பூசுதலின்போது குரு எண்ணெய் பூசுவது நெற்றியிலும் கைகளிலுமே. அதற்கு எத்தடையும் இல்லை. குழாயில் மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அது சாதாரணக் காய்ச்சலென்று வீட்டு மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

குழாயின் அருகே கத்தரிக்கோல் வருதல் ஆகாது. எப்படியோ வெட்டுண்டால், உடலுக்கும் வெட்டுக்கும் இடையே குழாயை மடித்து இறுகப் பிடித்து, நோயாளியை இடப்புறம் சாய்த்துப் படுக்க வைத்து, வண்டியை அழைக்க வேண்டும். இல்லையேல் காற்று உள்ளே புகுந்து இதயத்தை எட்டிவிடும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரின் வீட்டாருக்கு ஒரு சொல். கழுத்துக் குழாய் பெரும்பாலும் இடைக்கால ஏற்பாடே. கையில் தமனியையும் நாளத்தையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா, 1966 முதல் வழக்கிலிருப்பது. கிருமியும் உறைவும் அதில் குறைவு. ஆனால் அது முதிர்ந்து பயன்படச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். ஆகையால் அறுவைக்கு அஞ்சி நாளைத் தள்ளிப்போடாமல், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போதே, இந்தக் குழாய் இன்னும் எத்தனை நாள் தேவை, ஃபிஸ்டுலா எப்போது செய்யலாம் என்று கேளுங்கள்.