கோணல் எழுத்தும் கோணல் நீதியும்

கொப்பியின் கோட்டுக்குள் எழுத்தை நிறுத்தமாட்டாத சிறுவனைச் சோம்பேறி என்பர். பந்தைப் பிடிக்கத் தவறுபவனை மந்தன் என்பர். சப்பாத்து நாடாவைக் கட்ட இயலாத சிறுமியைத் தாயின் செல்லம் கெடுத்தது என்பர். இத்தீர்ப்புகளை நாம் முற்றாக மறுக்கிறோம்.

இயக்க ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என மருத்துவ உலகம் இந்நிலையைக் குறிப்பிடுகிறது. 5 முதல் 11 வயது வரையுள்ள சிறாருள் நூற்றுக்கு 5 அல்லது 6 பேரிடம் இது காணப்படுவதாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைந்நூல் கூறுகிறது. 40 மாணவர் கொண்ட வகுப்பிலே இருவர்! அவர்தம் தசைகளில் பழுதில்லை. இஃது அறிவுக் குறைவுமன்று. அசைவைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்தும் மூளையின் ஆற்றலே வேறுவிதமாக வளர்ந்துள்ளது. கவனக் குறைபாடோ ஓட்டிசமோ உடைய பிள்ளைகள் பலரிடத்தும் இத்தடுமாற்றம் உண்டு.

இதற்குப் பிரம்பு மருந்தாகுமா? ஏளனந்தான் பயிற்சியாகுமா? எழுதுவதோ உடுத்துவதோ, பிள்ளைக்கு வேண்டிய செயலையே சிறு படிகளாகப் பிரித்துப் பொறுமையுடன் பழக்குதலே பயன் தரும்.

பணம் படைத்தோர் அப்பயிற்சியை விலைக்கு வாங்குவர். தோட்டத் தொழிலாளியின் மகனும் ஏழைக் கமக்காரனின் மகளும் ‘மக்கு’ என்ற பட்டத்தை மட்டுமே பெறுவர். இஃது இயற்கையின் குற்றமன்று, சமுதாயத்தின் குற்றம்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாடசாலைகளில் உடற்றண்டனையை 2005இல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை விலக்கியது. இவை போதா. கல்வி வலயந்தோறும் அரச செலவில் தொழில்வழிச் சிகிச்சையாளர் வேண்டும்; ஆசிரியர் பயிற்சியில் இவ்வறிவு இடம்பெறல் வேண்டும்; எழுதத் தடுமாறுவோர்க்கு மேலதிக நேரமும் வாய்மொழியாக விடையளிக்கும் வாய்ப்பும் உரிமையாதல் வேண்டும். அறிவை அளக்க அழகிய கையெழுத்தையே அளவுகோலாகக் கொள்ளும் கல்வி, மக்கள் கல்வியாகாது.