ஜின்னாவுக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

‘ஃப்ரீடம் அட் மிட்நைட்’ என்றொரு தொடர். நிகில் அத்வானி இயக்கி, 2024 நவம்பரில் சோனி லிவ் தளத்தில் வந்தது. நேரு, காந்தி, படேல், ஆசாத், ஜின்னா, மவுண்ட்பேட்டன் எல்லோரும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து பேசுகிறார்கள். அவிநாசி கடைவீதியில் கல்லாவில் இருக்கும் நம் பிள்ளைகளும் கைப்பேசியில் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் தலைகுனிகிறார்களே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை!

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தபடி, “உங்க ஜின்னா இப்படிப் பண்ணிட்டாரே பாய்” என்கிறார். கெட்ட எண்ணத்தில் அல்ல. இருமலும் புகையும் வன்மமுமாக ஒரு வில்லனைக் காட்டினால் அவர் வேறென்ன கேட்பார்? நம் தம்பியிடம் பதில் இல்லை.

இந்தத் தொடருக்கு மூலம் லாரி காலின்ஸ், டொமினிக் லாப்பியர் இருவரும் 1975-ல் எழுதிய புத்தகம். அவர்கள் பெரிதும் நம்பியது மவுண்ட்பேட்டன் சொன்ன கதையை. வைஸ்ராய் மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் டெல்லி தெரியும், லாகூர் தெரியும். அவிநாசி தெரியுமா?

1946 தேர்தலில் சென்னை மாகாணத்து முஸ்லிம்கள் லீகுக்கு வாக்களித்தார்கள். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் கேளுங்கள்: வாக்களித்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை! இங்கேயே இருந்தார்கள். இங்கேயே கடை வைத்தார்கள், இங்கேயே அடக்கமானார்கள். பிரிவினைக்குப் பிறகு, 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டிடத்தில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார். காந்தியடிகள் கொல்லப்பட்டு ஆறு வாரம் கூட ஆகாத நேரம். ‘முஸ்லிம்’ என்ற பெயரோடு ஒரு கட்சி நடத்த எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அந்த மனிதர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். போக்கர் சாகிபும், மஹபூப் அலி பேக் சாகிபும் நம் மாகாணத்திலிருந்து உடன் இருந்தவர்கள். 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தின் தனிச்சட்டத்தையும் பறிக்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் இஸ்மாயில் சாகிப். திருத்தம் தோற்றது. அந்தப் பிரிவுதான் இன்றைய 44. இன்றைக்குத் தொலைக்காட்சி விவாதங்களில் கத்தும் கத்தலெல்லாம் அன்றே கண்ணியமாகப் பேசி முடிக்கப்பட்டது.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே உரிமை என்று வாதாடினார். (அவர் கேட்டது இந்துஸ்தானி என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு பிறர் பாதி உண்மையைக் குறை சொல்ல முடியாது.) அதே விவாதத்தில் தென்னாட்டின் கவலையை எடுத்துச் சொன்னவர் நம் கோவையின் டி.ஏ.இராமலிங்கம் செட்டியார். சி.சுப்பிரமணியம், ஆர்.கே.சண்முகம் செட்டியார், திருச்செங்கோடு காளியண்ணக் கவுண்டர் என்று கொங்கு மண்ணின் பிள்ளைகள் பலர் அந்தச் சபையில் இருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு இவர்களையும் யாரும் காட்டவில்லை. டெல்லிக்காரன் கதையில் அவருக்கும் இடமில்லை, நமக்கும் இடமில்லை!

ஷியாம் பெனகல் 2014-ல் ராஜ்யசபா தொலைக்காட்சிக்காக எடுத்த ‘சம்விதான்’ பத்துப் பகுதிகளில் அந்தச் சபையையே கதைக்களமாக்கியது. அதைப் பார்த்த இளைஞர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். வாட்ஸ்அப்பில் ஜின்னா துண்டுக் காட்சிக்குக் கோபப்பட்டு ஆயிரம் பேருக்கு அனுப்பத் தெரிகிறது. சபை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடப்பது தெரியவில்லை.

வணிகப் பெருமக்களே! ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க ஆகும் செலவில் காயிதே மில்லத்தின் சபை உரையொன்றைத் தமிழாக்கி எட்டுப் பக்கப் பிரசுரமாகப் போடலாம். பள்ளிவாசல் வாசலில் மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்று கொடுங்கள். நவம்பர் 23 உரையிலிருந்து தொடங்கலாம்.