நோய்க்கு ஜவாப்தாரி யார்?

ஒரு வீட்டில் எச்.ஐ.வி. என்னும் கிருமி புகுந்துவிட்டதென்று தெரிந்தால், நம் மக்கள் முதலில் கேட்கும் கேள்வி "இதற்கு மருந்து என்ன?" என்பதல்ல, "இதைக் கொண்டுவந்தது யார்?" என்பதேயாகும். அடுத்த நிமிஷமே தீர்ப்பும் சொல்லிவிடுகின்றார்கள். புருஷன் வெளியூர் போய் வருகின்றவனானால், "ஆண்பிள்ளை, போன இடத்தில் ஏதோ ஆகிவிட்டது" என்று அவனுக்கு மன்னிப்புக் கொடுத்துவிடுகின்றார்கள். அவன் செத்துப் போனாலோ, "இவள் வீட்டுக்கு வந்த வேளை" என்று பெண்ஜாதியின் தலையில் பழியைப் போட்டு அவளை வெளியே துரத்துகின்றார்கள். கிருமிக்கு வேளையும் தெரியாது, ஜாதகமும் தெரியாது என்பதை இவர்கள் யோசிப்பதே இல்லை.

ஆகவே, மக்கள் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போவதற்கும், புருஷன் பெண்ஜாதிக்குள் இந்நோய் பரவுவதற்கும் உள்ள சம்பந்தத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். இதற்குத் தென்னாப்பிரிக்காவை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அந்நாட்டின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பிரதேசத்தில் 1886-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கடியில் இறங்கித் தோண்டக் குறைந்த கூலிக்கு ஆள் வேண்டியதாயிற்று. சொந்த நிலத்தில் பயிரிட்டுச் சாப்பிடுகின்றவன் எதற்காகச் சுரங்கத்தில் இறங்குவான்? குடிசைக்கு வரி கேட்டு, அதைப் பணமாகவே கட்ட வேண்டுமென்றார்கள். 1913-இல் ஒரு நிலச் சட்டம் செய்து, ஜனத்தொகையில் மிகப் பெரும்பான்மையோரான கறுப்பு மக்களுக்கு நாட்டின் நிலத்தில் 100-க்குச் சுமார் 7 பாகம்தான் என்று ஒதுக்கினார்கள். பிறகு ஆள் கிடைப்பதற்குக் கஷ்டமென்ன?

வந்த ஆண்களை, ஆண்கள் மட்டுமே தங்கும் கொட்டடிகளில் கும்பல் கும்பலாக வைத்தார்கள். பெண்ஜாதி பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது. பாஸ் இல்லாமல் நகரத்தில் நடமாடக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய், வேண்டுமானால் மறுபடியும் வரலாம் என்பது ஏற்பாடு. பாஸ் சட்டங்கள் 1986-இல்தான் ரத்தாயின. நிறவெறி ஆட்சி 1994-இல் ஒழிந்தது. ஆனால் நூறு வருஷ ஏற்பாடு ஒரு நாளில் ஒழியுமா? பிழைப்பு ஓரிடம், குடும்பம் ஓரிடம் என்பது நிலைத்துவிட்டது. கிருமி வந்தபோது, அது நடந்து செல்லப் பாதை முன்னமேயே போட்டுத் தயாராயிருந்தது.

இதன் பலன் என்ன? அந்நாட்டுக் குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கிராமப்புறத்தில், புருஷன் வெளியூரில் வேலை செய்யும் தம்பதிகளையும், ஊரிலேயே சேர்ந்து வாழும் தம்பதிகளையும் பரிசோதித்து 2003-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பிரிந்து வாழ்ந்த தம்பதிகளில் 100-க்கு 35 ஜோடிகளில் ஒருவருக்கோ இருவருக்குமோ கிருமி இருந்தது. சேர்ந்து வாழ்ந்தவர்களில் அது 100-க்கு 19 தான். ஆக, பிரிவே ஆபத்தை வளர்க்கின்றது என்பது விளங்கவில்லையா?

இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, 100-க்குச் சுமார் 71 ஜோடிகளில் கிருமியுடையவன் புருஷன். மீதி ஜோடிகளில் கிருமியுடையவள் பெண்ஜாதி. புருஷன்தான் எப்போதும் நோயைச் சுமந்து வருகின்றான் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருந்தது.

உடனே நமது கற்புப் பிரசாரகர்கள், "பார்த்தீர்களா, பெண்கள் கெட்டுவிட்டார்கள்!" என்று துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். வருஷத்தில் பெரும்பகுதி புருஷன் முகமே பாராமல், அவன் அனுப்பும் பணம் வந்தால் அடுப்பெரியும், வராவிட்டால் பட்டினி என்று ஒரு பெண்ணை நிறுத்தி வைத்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல், அவளை மட்டும் கேள்வி கேட்பது என்ன நியாயம்? ஆணுக்கு ஆசையுண்டு, தனிமையுண்டு, ஆதலால் மன்னிப்புண்டு. பெண்ணுக்கு மாத்திரம் இவை ஒன்றும் இல்லையென்று யார் கண்டது? ஒழுக்கம் வேண்டுமானால் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மன்னிப்பும் அப்படியே இருக்கட்டும்.

நம் நாட்டில் இக்கிருமி இருப்பது முதன்முதல் சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த பரிசோதனையில் தெரியவந்தது. இங்கே அந்தச் சுரங்கச் சட்டம் இல்லை. ஆனால் லாரியில் மாதக்கணக்காய்த் திரிகின்றவர், கட்டட வேலைக்கு வடக்கே போகின்றவர், வளைகுடா நாட்டுக்குப் போகின்றவர் எத்தனை பேர்! அவன் வீடு திரும்பும் இரவில், "பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று கேட்கத் தைரியமுள்ள பெண் எத்தனை பேர்? "ஆணுறை வேண்டும்" என்றால், "என்மேல் சந்தேகமா? நீ ஒழுங்காய் இருந்தாயா?" என்றல்லவா பதில் வரும்? வாயைத் திறக்க விடாத கற்பு, அவளுடைய உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்கின்றோம்.

முகத்தைப் பார்த்து இந்நோயை அறிய முடியாது. கிருமி புகுந்த பிறகும் பல வருஷங்கள் ஆள் திடமாகவே இருக்கலாம். எனவே பழி பேசுவதை நிறுத்திவிட்டு, இருவரும் ஒன்றாகப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் இதற்கு இலவச மருந்து உண்டு. ஒருவருக்கு மட்டும் கிருமியுள்ள தம்பதிகளிடம் ஒன்பது நாடுகளில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீக்கிரமே மருந்து தொடங்கியதால் துணைக்குத் தொற்றுவது 100-க்கு 96 பங்கு குறைந்தது. மருந்தைத் தவறாமல் தின்று, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவால் தொற்றுவதில்லை என்பது இன்று ருசுவாகிவிட்டது. நோயுடையோரை வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேற்றுமை பாராட்டக்கூடாதென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கின்றது.

தோழர்களே! இது தலைவிதியுமல்ல, பாவத்தின் சம்பளமுமல்ல. விதி செய்ததாயின் மாத்திரை அதை எப்படித் தடுக்கும்? உங்கள் தெருவில் புருஷனை இழந்த ஒரு பெண்ணை இந்நோயைச் சொல்லி வீட்டை விட்டுத் துரத்துவார்களேயானால், முதலில் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். பிறகு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "யார் கொண்டுவந்தது?" என்ற கேள்வியால் இதுவரை ஓர் உயிராவது பிழைத்ததாக நாம் கேட்டதில்லை.