ஓயாத குரலும் உயிருள்ள கண்ணும்

தோழா!

கல்லூரியை விட்டு வந்த கதையை மேடைதோறும் வீரக்கதைபோல் சொல்லியிருக்கிறேன், நீயும் கைதட்டியிருக்கிறாய். உண்மை அவ்வளவு வீரமானதன்று. தமிழிலே படித்துத் தேறியவன் நான்; அங்கே ஆசிரியர் ஆங்கிலமாய்ப் பொழிந்தார். ஒரு நாள் எழுந்து, "ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது; அவரும் சிரித்தார். அதன் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. மறு ஆண்டு கல்லூரிப் பக்கமே போகவில்லை!

இன்றோ, 2018இல் தமிழ்நாட்டில் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களைப் புரட்டிப் பார். கறுப்பும் வெளுப்புமாய்க் கட்டம் கட்டமாய் ஒரு குறியீடு! கைப்பேசியைக் காட்டினால் பாடம் காட்சியாய் விரிகிறது. புரியவில்லையா, மறுபடி ஓட்டலாம். பத்து முறை ஓட்டினாலும் அது சலிக்காது, சிரிக்காது. வீட்டிலே எழுத்தறிந்தோர் இல்லாத பிள்ளைக்கு இது எத்தகைய துணை!

ஆனால் கருவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணிவிடாதே. பெரு நாட்டிலே அப்படித்தான் எண்ணினார்கள். குழந்தைக்கொரு மடிக்கணினி என்று முழங்கி, இலட்சக்கணக்கில் வாங்கி, சிற்றூர்ப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். 319 சிற்றூர்ப் பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லிற்று? கணினி பெற்ற பள்ளிக்கும் பெறாத பள்ளிக்கும், கணக்கிலும் சரி, மொழிப்பாடத்திலும் சரி, தேர்ச்சியில் வேறுபாடு இல்லை! பெட்டி போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான இடங்களில் இணையம் போய்ச் சேரவில்லை. அதைக்கொண்டு எப்படிக் கற்பிப்பதென்ற தெளிவும் ஆசிரியரைப் போய்ச் சேரவில்லை.

நாடகக்காரனுக்கு இது விளங்கும். பக்கத் திரைக்குப் பின்னே நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவன் ஏட்டை மட்டுமா பார்க்கிறான்? நடிகனின் கண் தடுமாறுவதைப் பார்த்தல்லவா அடுத்த சொல்லை வீசுகிறான்!

நம் ஊரிலும் கண்டோம். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைகொடுத்தது. வீட்டுக்கு இருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட்ட குடிசைகளுக்கு அதுதான் பள்ளி. ஆயினும், திரை பாடம் சொல்லிற்றே தவிர, பிள்ளை விழித்ததை அது காணவில்லை. அதனாலன்றோ 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்கள் தெருவுக்கு வர நேர்ந்தது! (எது எந்த ஆட்சியின் திட்டம் என்ற வழக்கை இந்த ஞாயிறு ஒருநாள் ஒத்திவை.)

உன் கிளைப் படிப்பகத்திலும் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அதில் என்ன ஓடுகிறதென்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்! அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடு. பாடம் ஓடட்டும், படித்த தோழர் ஒருவர், தங்கை ஒருத்தி, பக்கத்திலே அமரட்டும். முகம் சுருங்கினால் நிறுத்தட்டும், "எங்கே புரியவில்லை, கண்ணு?" என்று கேட்கட்டும்.

அடுத்த மாதம் உன் ஊர்க் கூட்டத்துக்கு வருகிறேன். மேடைக்கு ஏறுமுன் ஆறு மணிக்குப் படிப்பகத்தில் வந்து அமர்வேன். மாலை வேண்டாம்; பாய் ஒன்று போட்டு வை.