கிராமச் சாலைகளும் ஜனங்களின் பணமும்

குன்றாண்டார்கோவிலிலே குன்றைக் குடைந்தெடுத்த சிவாலயம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷங்களாக நிற்கின்றது. அதன் முன்னே தேரின் வடிவில் அமைந்த கல் மண்டபமும் உண்டு. கல்லாலாகிய அத்தேருக்குச் சாலை வேண்டுவதில்லை. ஆனால் சுற்றுக் கிராமங்களிலிருந்து நெல்லும் பாலும் கொண்டு செல்லும் குடியானவனுக்கும், பள்ளிக்கூடம் செல்லும் சிறுவர் சிறுமியருக்கும், பிரசவ வேதனையோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் தாய்க்கும் நல்ல சாலை அவசியம் வேண்டும். புதுக்கோட்டை ஜில்லாவின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றாகிய இப்பகுதிக்கு மேற்கே திருச்சியிலிருந்தும் கிழக்கே தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டைக்கு நெடுஞ்சாலைகள் வருகின்றன. நெடுஞ்சாலை எவ்வளவு சிறந்ததாயினும், அதைச் சென்றடையும் கிராமச் சாலை குழியும் சேறுமாகக் கிடக்குமாயின் குடிகளுக்கு என்ன பயன்?

சாலைக்குப் பணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்பது வழக்கம். பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1927ஆம் வருஷத்தில் ஸ்ரீ எம். ஆர். ஜெயகரைத் தலைவராகக் கொண்டு நியமிக்கப்பட்ட கமிட்டியின் யோசனைப்படி, பெட்ரோல் மீது அதிக வரி விதித்து, 1929இல் மத்தியச் சாலை நிதி ஏற்படுத்தப்பட்டது. சாலையை உபயோகிப்பவர் சாலைக்குப் பணம் தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2000ஆம் வருஷத்தில் அந்நிதி ஒரு தனிச் சட்டத்தின் கீழ் வந்தது. இன்றும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சாலைக்கென்று தனித் தீர்வை உண்டு. டிராக்டருக்கு டீசல் வாங்கும் விவசாயியும், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வாங்கும் கூலித் தொழிலாளியும் அத்தீர்வையைக் கொடுத்தே வருகின்றனர். ஆகவே கிராமத்தான் தன் வாசலில் சாலை கேட்பது யாசகமன்று. தான் கொடுத்த பணத்திற்கு அவன் கேட்கும் கணக்கேயாகும்.

அப்பணத்தில் ஒரு பகுதி கிராமங்களுக்குத் திரும்பாமலும் இல்லை. 2000 டிஸம்பர் 25இல் துவக்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் செலவில் 2015ஆம் வருஷம் முதல் மத்திய சர்க்கார் நூற்றுக்கு அறுபதும், ராஜ்ய சர்க்கார் நாற்பதும் ஏற்கின்றன. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர், இரண்டு வருஷங்களில் 4,000 கோடி ரூபாய் செலவில் 10,000 கிலோமீட்டர் கிராமச் சாலைகள் மேம்படுத்தப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். கணக்கிட்டால் கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம் ரூபாயாகிறது. பத்துக் கிலோமீட்டர் சாலை போட்ட மூன்றாம் வருஷத்திலேயே பெயர்ந்து போனால், நாலு கோடி ரூபாய் மழைநீரோடு போயிற்று என்று பொருள். ஆதலின் எவ்வளவு பணம் வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், வந்த பணம் எத்தனை வருஷம் நிலைத்தது என்றும் கேட்கவேண்டும்.

சாலையைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது நீர். புதுக்கோட்டைச் சீமை ஆயிரக்கணக்கான கண்மாய்களை உடையது. இத்தகைய நாட்டில் சாலைகள் கண்மாய்க் கரையை ஒட்டியும், வாரிகளையும் கலிங்கு நீர் ஓடும் வழிகளையும் குறுக்கிட்டும் செல்லவேண்டியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் செல்ல வழியில்லாவிடில், அது சாலையின் மேலேயே வழி தேடிக்கொள்ளும். தாரின் அடியில் நீர் இறங்கியபின் மேற்பரப்பு எத்தனை கனமாயிருந்தும் பயனில்லை. சிறு பாலமும், பக்க வடிகாலும், இருபுறமும் சரிந்த நடுமேடும் அமைத்த பின்னரே தார் இடவேண்டும். மதிப்பீட்டுத் தொகை குறைவென்று பாலத்தை விட்டுவிட்டுத் தாரை மட்டும் பூசுவது, ஓட்டைப் பானைக்கு வர்ணம் தீட்டுவதை ஒக்கும்.

பழைய சாலையின் மேல் புதுத் தாரை அடுக்கிக்கொண்டே போவதும் தவறு. சாலை உயர உயர இருபுறத்து வீடுகள் தாழ்ந்து, மழைநீர் வாசற்படி ஏறுகின்றது. பழைய பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே புதியதை இடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அது ஒவ்வொரு கிராமத் தெருவிலும் நடைபெறுகிறதா என்பதைக் கவனித்தல் வேண்டும். மேலும் கல்லுடைக்கும் தொழில் மிகுந்த ஜில்லா இது. பத்து டன் வண்டிக்கென்று போட்ட சாலையில் முப்பது டன் ஜல்லி லாரி ஓடினால், எஞ்சினீயரைக் குறை கூறிப் பயனென்ன? கனவண்டி செல்லும் சாலையை அதற்குத் தக்க கனத்தோடு அமைக்கவேண்டும்; அன்றேல் கனவண்டியைத் தடுக்கவேண்டும்.

போட்ட சாலையைக் காப்பதற்கு யார் பொறுப்பு? பிரதம மந்திரி திட்டச் சாலைகளை ஐந்து வருஷங்களுக்குப் பராமரிக்கும் கடமை, போட்ட காண்டிராக்டரையே சாரும் என்பது நல்ல ஏற்பாடு. அந்த விதியை ஊராட்சி ஒன்றியச் சாலைகள் அனைத்திற்கும் விரிக்கவேண்டும். ஐந்து வருஷங்களுக்குப் பின்னரோ வருஷந்தோறும் தனித் தொகை ஒதுக்கப்படவேண்டும். சிறு குழியை அந்தந்த வருஷமே அடைத்தால் சொற்பச் செலவோடு போகும். விட்டுவிட்டால் சாலை முழுவதையும் பெயர்த்துப் போட நேரும். நகத்தால் கிள்ளவேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிர்வாகம் சிக்கன நிர்வாகமாகாது.

எந்தச் சாலை முதலில், எது பின்னர் என்பதை யார் தீர்மானிப்பது என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் அமுலுக்கு வந்தபோது, சாலைகளும் சிறுபாலங்களும் பஞ்சாயத்துக்களுக்குரிய 29 விஷயங்களுள் சேர்க்கப்பட்டன. ஆனால் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த ஜில்லாவின் பஞ்சாயத்துக்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது, புதிய தேர்தல் நடத்தப்படாமல், நிர்வாகம் தனி அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதிகாரி திறமைசாலியாயிருக்கலாம்; எனினும் அடுத்த தேர்தலில் ஜனங்களிடம் வந்து நிற்கவேண்டிய கடமை அவருக்கில்லை. ஸ்தல ஸ்தாபனங்களில் ஜனங்களின் பிரதிநிதிகள் இல்லாத ஒவ்வொரு நாளும் சுயராஜ்யத்திற்குக் குறைவே.

கிராமத்தாருக்கு எஞ்சினீயரிங் தெரியாது என்று சிலர் நகைக்கலாம். மழையில் எவ்விடத்தில் நீர் நிற்கும், எந்தத் திருப்பத்தில் பஸ் நின்றுவிடும் என்பன அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியா. ஒன்றியத்திலுள்ள ஒவ்வொரு சாலையின் பெயரும், நீளமும், கடைசியாகத் தாரிட்ட வருஷமும், அதற்குப் பொறுப்பான இலாகாவும், அடுத்துச் செப்பனிடும் வரிசையும் கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும். வேலை நடக்குமிடத்தில் மதிப்பீட்டுத் தொகையும், காண்டிராக்டர் பெயரும், பராமரிப்புக் காலமும் யாவரும் படிக்கும்படி தமிழில் எழுதி வைக்கப்படவேண்டும். வரிசையை மாற்றினால் காரணம் சொல்லவேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. அடுத்த மழைக்கு முன் வடிகாலும் பாலமும், மழை ஓய்ந்தபின் தாரும், பின்னர் வருஷந்தோறும் பராமரிப்பும் என்று ஒழுங்கு செய்ய அதிகாரிகள் முன்வருவார்களாக. ஜனங்களும் சாலை போடும் நாளில் வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், கிராம சபைக்குச் சென்று கணக்குக் கேட்பார்களாக. கேட்பவர் உள்ள ஊரில்தான் போட்ட சாலை நிலைக்கும்.