வீட்டுக்குள் ஒரு கதவு

ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றிலுள்ள குடும்பப் படங்கள் மற்றொன்றுக்குக் கிட்டவில்லை. இயந்திரத்தைப் பழிப்பது நியாயமன்று. விண்டோஸில் வீட்டு இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால், அது பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கியே நிற்கும். 'பிரைவேட்' என்று மாற்றி, பகிர்வை அனுமதித்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் பெரும்பாலும் காரியம் கைகூடும்.

பழைய பகிர்வு முறையாகிய எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மீண்டும் இயக்கும்படி சிலர் யோசனை கூறுவார்கள். வேண்டாம். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகவே பல நாடுகளில் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகளின் வேலையே தடைப்பட்டது. கதவைப் பெயர்த்தெறிவதைவிடச் சாவியைத் தேடுவதே சிலாக்கியம் என்பது நமது அபிப்பிராயம்.