ஒரே வகுப்பு, இரண்டு சம்பளம்

2009 மே 31-ஆம் தேதி வரை தமிழக அரசுப் பள்ளியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. படிப்பும் ஒன்றே, பாடப்புத்தகமும் ஒன்றே, பக்கத்து வகுப்பறை. ஆனாலும் 3,170 ரூபாய் குறைவு.

அந்த வித்தியாசம் அப்படியே நின்றிருந்தாலும் பரவாயில்லை. 2017 ஊதியத் திருத்தத்தில் பழைய சம்பளம் 2.57-ஆல் பெருக்கப்பட்டது, இடைவெளியும் சேர்ந்தே பெருகி எட்டாயிரத்தைத் தாண்டியது. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், படி உயரும்போதெல்லாம் இழப்பும் உயர்கிறது.

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று, குறைந்த ஊதியத்தில் சேர்ந்த இந்த ஆசிரியர்கள் சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் 2018 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். 2021 தேர்தலில் இந்தக் குறையைத் தீர்ப்பதாக திமுக வாக்குறுதி தந்தது. 2022 டிசம்பரில் மறுபடி உண்ணாவிரதம். 2023 புத்தாண்டு அன்று கோரிக்கையை ஆராய மூவர் குழுவை அரசு அறிவித்தது. ஆசிரியர்கள் நம்பி வீடு திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், போராட்டத்துக்கு மீண்டும் வந்தவர்களைப் போலீசார் கைது செய்தார்கள்.

நிதி நெருக்கடி என்ற அரசின் பதிலை மதிக்கலாம். ஆனால் அந்தச் சுமையை, பணியில் சேர்ந்த தேதியை வைத்து ஒரு சாராரின் தலையில் மட்டும் ஏற்றுவது எந்த வகையில் நியாயம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கையைப் பிடித்துக் கற்றுத்தருபவர்கள் இவர்கள். அரசு இன்னொரு குழு அமைக்க வேண்டியதில்லை. 8,370-ஐ அடிப்படையாக வைத்து ஊதியத்தைத் திருத்தும் அரசாணை போதும்.